விண்டோஸை அழிக்காமல், கேட்டுக் கேட்டே லினக்ஸ் பழகுவது எப்படி

திருகோணமலையில் விழிப்புலனற்ற எங்களில் பலருடைய லப்டொப், அண்ணனோ மாமாவோ பாவித்துவிட்டுத் தந்ததாக இருக்கும், இல்லையென்றால் கொழும்பிலிருந்து வந்த செக்கண்ட் ஹேண்டாக இருக்கும். அதில் விண்டோஸ் 10 ஓடும், என்விடிஏ என்ற திரைவாசிப்பான் (திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கிற மென்பொருள்) கதைக்கும், வேலையும் நடக்கும். ஆனால் 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் புதிய புரொசசரும் பழைய மெஷின்களில் இல்லை. அதனால்தான் இப்போது ஆட்கள் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பற்றி விசாரிக்கிறார்கள், விசாரிக்கிற எல்லோரும் முதலில் கேட்பது, கண் தெரியாமல் அதைப் பாவிக்க ஏலுமா என்பதைத்தான்.

ஏலும். லினக்ஸில் ஓர்கா என்றொரு திரைவாசிப்பான் இருக்கிறது, இலவசம், 2006 முதல் க்னோம் என்ற லினக்ஸ் டெஸ்க்டொப்போடு சேர்ந்தே வருகிறது, உபுண்டு மாதிரியான பெரிய விநியோகங்களில் (லினக்ஸின் வெவ்வேறு வடிவங்களில்) தனியாகத் தேடிப் போடவும் தேவையில்லை. ஆனால் என்விடிஏயும் இலவசம்தான் என்பதால் காசு மிச்சம் என்று நினைத்து இதற்குள் வரவேண்டாம். பழைய மெஷினை இன்னும் சில வருடம் பாதுகாப்பாக ஓட்டவேண்டும், புரோகிராமிங்கோ சேர்வர் வேலையோ படிக்கவேண்டும், உங்கள் கொம்பியூட்டருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளவேண்டும் என்றால் வாருங்கள். அலுவலக வேலை முழுக்க விண்டோஸில் மட்டும் ஓடுகிற ஒரு மென்பொருளில் தங்கியிருந்தால் விண்டோஸை விட்டுவிடாதீர்கள், பக்கத்தில் லினக்ஸையும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு விதியில் நிற்கிறது: குரல் இல்லாத இடத்துக்குப் போகாதீர்கள். பார்க்கிறவர்களுக்குத் திரையில் ஏதாவது தெரியும், எங்களுக்கு மெஷின் மௌனமானால் அது ஓடுகிறதா நின்றுவிட்டதா என்றே தெரியாது. ஆகவே ஒவ்வொரு படியிலும் முதலில் குரலை உறுதிப்படுத்துங்கள், பிறகுதான் அடுத்தது.

விண்டோஸுக்குள்ளேயே ஒரு ஒத்திகை

பென்ட்ரைவ் தேடுவதற்கு முதல் இதைச் செய்து பாருங்கள். விண்டோஸ் 10இன் பிந்திய பதிப்புகளிலும் 11இலும் டபிள்யூஎஸ்எல் என்ற வசதி இருக்கிறது, அதாவது விண்டோஸுக்குள்ளே உண்மையான லினக்ஸ் டெர்மினல் (கட்டளைகளை அடிக்கிற ஜன்னல்). பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, டபிள்யூ, எஸ், எல், ஓர் இடைவெளி, இரண்டு சிறுகோடு, பிறகு இன்ஸ்டோல் என்ற ஆங்கிலச் சொல், என்டர். அது உபுண்டுவை இறக்கிப் போடும், ஒருமுறை மெஷினை மறுபடி தொடங்கச் சொல்லும். சில பழைய மெஷின்களில் பயோஸில் (மெஷின் தொடங்கும்போது ஓடுகிற அடிப்படை அமைப்பில்) வேர்ச்சுவலைசேஷன் என்ற வசதி அணைந்திருந்தால் இது ஓடாது, அப்படியென்றால் இந்தப் படியை விட்டுவிடுங்கள்.

இதில் நல்ல விஷயம், கதைப்பது நீங்கள் பழகிய என்விடிஏயே என்பது. எல்எஸ் அடித்தால் கோப்புகளின் பட்டியல், சிடி அடித்தால் ஃபோல்டர் மாறும், சுடோ ஏபிடி இன்ஸ்டோல் என்று அடித்து ஒரு பெயரைக் கொடுத்தால் அந்த மென்பொருள் வந்துவிடும். ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: சுடோ (கட்டளையை அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரத்தோடு ஓட்டச் சொல்கிற சொல்) பாவிக்கும்போது பாஸ்வேர்ட் கேட்கும், நீங்கள் அடிக்கிற எழுத்து ஒன்றுகூடத் திரையில் வராது, வழக்கமாக நட்சத்திரக் குறியும் வராது, அதனால் திரைவாசிப்பானும் வாய் திறக்காது. மெஷின் இறுகிவிட்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள், முழுதாக அடித்து என்டர் கொடுங்கள்.

பென்ட்ரைவும் ஒரு கடைக்காரரும்

அடுத்தது லைவ் முறை. லினக்ஸை ஹார்ட் டிஸ்கில் போடாமல் பென்ட்ரைவிலிருந்தே ஓட்டலாம், பென்ட்ரைவைக் கழற்றினால் பழையபடி விண்டோஸ். உபுண்டு 24.04 கோப்பு கிட்டத்தட்ட 6 ஜிபி வரும், இரவு டேட்டா இருக்கிற பெக்கேஜ் என்றால் நள்ளிரவுக்குப் பிறகு இறக்கப் போட்டுவிட்டுப் படுங்கள். 16 ஜிபி பென்ட்ரைவ் ஒன்று எடுங்கள், அதில் இருக்கிறதெல்லாம் அழியும் என்பதால் கலியாணப் படங்கள் இருந்தால் முதலே வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள். இறக்கிய கோப்பைப் பென்ட்ரைவில் எழுதுவதற்கு ரூஃபஸ் என்ற விண்டோஸ் மென்பொருள், அது என்விடிஏயோடு நன்றாக ஒத்துப்போகும். அதில் பெர்சிஸ்டன்ட் பார்ட்டிஷன் என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறது, அதற்கு 4 ஜிபியாவது கொடுங்கள். கொடுக்காவிட்டால் நீங்கள் மாற்றுகிற குரலும் வேகமும் ஒவ்வொரு முறை மெஷினை அணைக்கும்போதும் போய்விடும், கரண்ட் போனாலும் அதே கதைதான்.

இப்போது இந்தப் பாதையிலேயே கண் தேவைப்படுகிற ஒரேயொரு இடம். மெஷின் தொடங்கும்போது எதிலிருந்து தொடங்குவது என்று தீர்மானிக்கிற பயோஸ் திரை கதைக்காது, எந்தத் திரைவாசிப்பானும் அங்கே எட்டாது. பூட் மெனு விசை எச்பியில் வழக்கமாக எஃப்9, டெல்லிலும் லெனோவாவிலும் எஃப்12, ஆனால் வருகிற மெனுவில் எத்தனையாவது வரி பென்ட்ரைவ் என்பதை யாராவது பார்த்துத்தான் சொல்லவேண்டும். ஒவ்வொரு முறையும் ஒருவரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்காமல் ஒரே தடவையில் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. மத்திய வீதிப் பக்கமோ, கிண்ணியாவிலோ, கந்தளாயிலோ, நீங்கள் வழக்கமாகப் போகிற கொம்பியூட்டர் திருத்துகிற கடைக்கு மெஷினைக் கொண்டுபோய் இப்படிச் சொல்லுங்கள்: “தம்பி, பயோஸில் பூட் ஓடரில் யூஎஸ்பியை முதலாவதாக வைத்துவிடுங்கோ, ஃபாஸ்ட் பூட்டை அணைத்துவிடுங்கோ, செக்கியூர் பூட்டில் மட்டும் கை வைக்காதீங்கோ.” அவ்வளவுதான். அன்று தொடக்கம் பென்ட்ரைவ் குத்தியிருந்தால் லினக்ஸ், கழற்றியிருந்தால் விண்டோஸ், தீர்மானிப்பது உங்கள் கை.

செக்கியூர் பூட்டை (நம்பகமான சிஸ்டத்தை மட்டும் தொடங்க விடுகிற பாதுகாப்பை) தொடவேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உபுண்டு, டெபியன், ஃபெடோரா என்ற விநியோகங்கள் மூன்றும் அது இயங்கிக்கொண்டிருக்கும்போதே தொடங்கும். அதை மாற்றினால், உங்கள் டிஸ்க் விண்டோஸின் பிட்லொக்கர் என்ற குறியாக்கத்தால் பூட்டப்பட்டிருக்குமானால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டுக்கொண்டு நிற்கும். பூட் ஓடரை மாற்றினாலும் சில மெஷின்கள் அப்படிக் கேட்கும், ஆகவே கடைக்குப் போவதற்கு முதலே அந்தச் சாவியை உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கிலிருந்து எடுத்து ஃபோனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போக வசதியில்லை என்றால் வட்ஸ்அப் வீடியோ அழைப்பில் ஒரு மச்சானையோ அக்காவையோ பிடித்து ஃபோன் கேமராவைத் திரைக்கு நேரே பிடியுங்கள். பீ மை ஐஸ் செயலி வழியாகத் தெரியாத ஒரு தன்னார்வலரும் பார்த்துச் சொல்லுவார், ஆனால் ஆங்கிலத்தில் கதைக்கவேண்டி வரலாம்.

முதல் குரல்

தொடங்குவதற்கு முதல், வயருள்ள ஹெட்ஃபோனைக் குத்துங்கள். புளூடூத் ஹெட்ஃபோன் வேண்டாம், புதிதாக எழும்பிய லினக்ஸுக்கு அது யாரென்றே தெரியாது. பென்ட்ரைவைக் குத்தி மெஷினைப் போடுங்கள். முதலில் ஒரு மெனு வரும், நீங்கள் எதையும் தொடாவிட்டால் 30 செக்கனில் அதுவே கடந்துபோகும். பழைய மெஷின் என்றால் மூன்று நான்கு நிமிடம் பொறுங்கள், பென்ட்ரைவ் மெதுவாகத்தான் வாசிக்கும்.

பிறகு விண்டோஸ் விசை, ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். லினக்ஸில் விண்டோஸ் விசைக்குச் சூப்பர் என்று பெயர், இனி அப்படியே சொல்கிறேன். சில செக்கனில் “ஸ்கிரீன் ரீடர் ஒன்” என்று ஆங்கிலத்தில் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் பதறி மறுபடி மறுபடி அழுத்தவேண்டாம், அந்த விசைச் சேர்க்கை ஒருமுறை போடும், மறுமுறை அணைக்கும், இரண்டு தடவை அழுத்தினால் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். பத்து செக்கன் விட்டு ஒலியைக் கூட்டுகிற விசையைச் சில தடவை அழுத்துங்கள். அதற்கும் இல்லையா, இன்னும் ஒரு நிமிடம் விட்டு மூன்று விசையையும் ஒருமுறை அழுத்துங்கள், முதல் தடவை மெஷின் இன்னும் எழும்பாமல் இருந்திருக்கலாம். கடைசியாக ஆல்ட், எஃப்2 அழுத்தி, ஓர்கா என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் நாலு எழுத்தையும் அடித்து என்டர் கொடுங்கள்.

அதற்குப் பிறகும் மௌனம் என்றால் பெரும்பாலும் ஓர்காவில் பிழையில்லை, ஒலி வேறு வழியால் போகிறது அல்லது சவுண்ட் காட்டை லினக்ஸ் அடையாளம் காணவில்லை. எச்டிஎம்ஐ வயரில் டிவி பொருத்தியிருந்தால் கழற்றுங்கள். சின்ன யூஎஸ்பி சவுண்ட் அடெப்டர் ஒன்று வாங்கி வைத்திருந்தால் பெரிய உதவி, லினக்ஸ் அதைத் தனி டிரைவர் இல்லாமலே எடுத்துக்கொள்ளும். ஃபோனில் கூகுளின் லுக்அவுட் அல்லது மைக்ரோசொஃப்ட்டின் சீயிங் ஏஐ இருந்தால் திரையை அதனால் வாசிக்க வைத்து எந்த இடத்தில் நிற்கிறது என்று அறியலாம்.

குரல் வந்துவிட்டதா? உபுண்டுவை நிறுவுகிற ஜன்னல் தானாகத் திறந்து நிற்கும். அதில் ஒன்றையும் தெரிவுசெய்யாமல் சூப்பர் விசையைத் தட்டி, ஃபயர்ஃபொக்ஸ் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் கொடுங்கள். எந்தச் செயலியையும் இப்படித்தான் திறப்பது. வைஃபை பிடிக்காவிட்டால் அன்ட்ரொயிட் ஃபோனை யூஎஸ்பி வயரில் குத்தி டெதரிங்கைப் போடுங்கள், லினக்ஸ் அதை லேன் வயர் குத்தியது போலவே எடுத்துக்கொள்ளும்.

என்விடிஏ விரல்கள் குழம்புகிற இடங்கள்

ஓர்கா விசை இன்செர்ட்தான், லப்டொப் முறைக்கு மாற்றினால் கெப்ஸ்லொக். அதுவரை எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், குழப்பம் அதற்குப் பிறகுதான். என்விடிஏயில் இன்செர்ட்டோடு ஸ்பேஸ் அழுத்தினால் ஃபோகஸ் மோட் மாறும், ஓர்காவில் அதே விசை அமைப்பு ஜன்னலைத் திறந்துவிடும். ஓர்காவில் மோட் மாற்ற இன்செர்ட்டோடு ஏ. என்விடிஏயில் இன்செர்ட், டி ஜன்னலின் தலைப்பைச் சொல்லும், ஓர்காவில் நேரத்தைச் சொல்லும். இணையப் பக்கங்களில் தலைப்புக்கு எச், இணைப்புக்கு கே, பொத்தானுக்கு பி, அட்டவணைக்கு டி என்பதெல்லாம் அப்படியே இருக்கிறது, லேண்ட்மார்க்குக்கு மட்டும் டி அல்ல எம் (என்விடிஏயின் டி ‘டெல்டா’வில் வருகிற டி, அட்டவணையின் டி ‘டேங்கோ’வில் வருகிற டி). ஒரு பக்கத்தின் தலைப்புகள் முழுவதையும் பட்டியலாக எடுக்க என்விடிஏயில் இன்செர்ட், எஃப்7, இங்கே ஆல்ட், ஷிஃப்ட், எச்.

எதை அழுத்தினால் என்ன என்று மறந்துபோனால் இன்செர்ட், எச் அழுத்துங்கள், லேர்ன் மோட் வரும், அதில் எந்த விசையை அழுத்தினாலும் அதன் வேலையைச் சொல்லுமே தவிர செய்யாது. எஸ்கேப் அழுத்தினால் வெளியே வரலாம். முதல் நாள் முழுவதையும் இதிலேயே செலவழித்தாலும் அது வீணில்லை.

கெப்ஸ்லொக் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: க்னோம் 48க்கு, அதாவது 2025 மார்ச்சுக்கு முந்திய க்னோமில், வேலண்ட் என்ற புதிய திரை அமைப்பின் கீழ் கெப்ஸ்லொக்கை ஓர்கா விசையாகப் பாவிப்பது தடுமாறும். உபுண்டு 24.04 அதற்கு முந்தியதுதான். இன்செர்ட்டையே பாவியுங்கள், அல்லது மேட்டே என்ற இன்னொரு டெஸ்க்டொப்புக்குப் போங்கள், அது எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்பில் ஓடுவதால் இந்தச் சிக்கல் இல்லை, பழைய மெஷினுக்குப் பாரமும் குறைவு. நான் யாருக்காவது நீண்ட காலப் பாவனைக்கு ஒன்றைச் சொல்வதானால் மேட்டேயைத்தான் சொல்லுவேன். கேரளத்தில் விழிப்புலனற்றவர்களுக்கென்றே தயாராகிற அக்செசிபிள் கோக்கனட்டும் உபுண்டு மேட்டேயை அடிப்படையாகக் கொண்டதுதான், அதையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

தமிழ் கேட்க, தமிழ் எழுத

இன்செர்ட், ஸ்பேஸ் அழுத்தி அமைப்பைத் திறந்து, வொய்ஸ் என்ற பக்கத்தில் மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள். கதைப்பது ஈஸ்பீக் என்ஜி, என்விடிஏயோடு வருகிற அதே குரல். விண்டோஸின் வள்ளுவர் குரலுக்குப் பழகிய காதுக்கு இது இயந்திரம் மாதிரித்தான் இருக்கும், அதை மறைக்க ஒன்றுமில்லை, வள்ளுவர் இங்கே கிடைக்கமாட்டார். ஆனால் வேகத்தைக் கூட்டினாலும் ஈஸ்பீக் தெளிவு குறையாமல் வாசிக்கும், அழுத்தியவுடன் பதில் சொல்லும், நாள் முழுக்க வேலை செய்கிறவருக்கு அழகான குரலைவிட இதுதான் பெரிது என்பது என் எண்ணம். தமிழ்க் குரலில் வைத்தாலும் இடையில் வருகிற ஆங்கிலச் சொற்களை ஆங்கிலமாகவே வாசிக்கும், மறுபக்கம் ஆங்கிலக் குரலில் வைத்தால் தமிழ் ஒழுங்காக வராது. எங்கள் ஊரில் சிங்களக் கடிதமும் கைக்கு வரும், ஈஸ்பீக்கில் சிங்களமும் இருக்கிறது, மொழியை மாற்றினால் போதும்.

ஒரு தமிழ்க் கோப்பைத் திறந்து குரல் டீ, இசட், எஃப், செமிகோலன், எஃப், கே, செமிகோலன் என்று எழுத்தெழுத்தாக உளறினால் லினக்ஸ் பழுது என்று முடிவுகட்டாதீர்கள். அது வணக்கம் என்ற சொல், பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினியில் திரையில் தெரிவதுதான் தமிழ், கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள், கண்ணுள்ளவருக்கு அது தமிழாகத் தெரியும், எந்தத் திரைவாசிப்பானுக்கும் எந்த மெஷினிலும் அது ஆங்கிலக் குப்பைதான். எங்கள் பகுதியில் சுற்றறிக்கையும் பரீட்சைக் குறிப்பும் இன்னும் இப்படி வருவது உண்மையிலேயே மனதை நோகச்செய்கிறது, ஏனென்றால் அடிக்கிறவர் யூனிகோடில் அடித்தால் அந்த ஒரு நிமிடத்திலேயே நாங்கள் தனியாக வாசிக்க முடியும். பாமினியை யூனிகோடாக மாற்றித் தருகிற இணையக் கருவிகள் இருக்கின்றன, பிரதி எடுத்து ஒட்டி மாற்றுங்கள். அனுப்பியவரிடமும் அடுத்த முறை யூனிகோடில் தாருங்கள் என்று கேளுங்கள், கேட்டால் பலர் தருகிறார்கள்.

எழுதுவதற்கு டெர்மினலில் ஐபஸ் எம்17என் என்ற பொதியைப் போடவேண்டும். சுடோ ஏபிடி இன்ஸ்டோல் என்று அடித்து, பிறகு ஐ, பி, யு, எஸ், சிறுகோடு, எம், ஒன்று, ஏழு, என். வெளியேறி மறுபடி உள்ளே வந்து, செட்டிங்ஸில் கீபோட் பக்கத்தில் தமிழைச் சேருங்கள். இலங்கையின் தர விசைப்பலகையான ரெங்கநாதனும் இருக்கிறது, தமிழ்99உம் இருக்கிறது, கை பழகியதை எடுங்கள். மொழி மாற்ற சூப்பர், ஸ்பேஸ். பிரெயில் டிஸ்ப்ளே வைத்திருப்பவர்களுக்கு பிஆர்எல்டிடிவை என்ற மென்பொருள் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும், எழுத்தைப் பிரெயிலாக மாற்றுகிற லிப்லூயியில் தமிழ்ப் பிரெயில் அட்டவணையும் உண்டு.

ஓர்காவோடு நான் நம்பிப் பாவிக்கச் சொல்வது இணையத்துக்கு ஃபயர்ஃபொக்ஸ், மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்ட், ஆவணங்களுக்கு லிப்ரேஒஃபிஸ் ரைட்டர், பிறகு டெர்மினல். ரைட்டரில் மிக நீண்ட ஆவணங்கள் சில நேரம் இழுத்தடிக்கும். டெர்மினலில் ஒரு கட்டளை பக்கம் பக்கமாகப் பதில் தந்தால் குரல் நிற்காமல் கொட்டும், அந்தப் பதிலை ஒரு கோப்புக்குள் அனுப்பி எடிட்டரில் திறந்து வரிவரியாகக் கேளுங்கள். எழுத்தோடும் கோடிங்கோடும்தான் வாழ்க்கை என்கிறவர்கள் ஈமாக்ஸ் எடிட்டரைக் கதைக்கவைக்கிற ஈமாக்ஸ்பீக்கையும் ஒருநாள் பாருங்கள், டி. வி. ராமன் என்ற விழிப்புலனற்ற கணினி அறிஞர் 1995இல் வெளியிட்டது, இன்றுவரை ஓடுகிறது.

நிரந்தரமாகப் போட விரும்பினால்

லைவில் சில வாரம் ஓட்டி, சவுண்ட், வைஃபை, தமிழ் மூன்றும் உங்கள் மெஷினில் ஒழுங்காக வருகிறது என்று தெரிந்த பிறகு டெபியனுக்குப் போங்கள். அதன் நிறுவல் 2011இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்தே கதைக்கிறது. பூட் மெனு வந்ததும் ஒரு பீப் சத்தம் கேட்கும், எஸ் அழுத்தி என்டர் கொடுத்தால் குரல் தொடங்கும். கேள்விகள் எண்களோடு வரும், எண்ணை அடித்து என்டர் கொடுத்துக்கொண்டே போகலாம். நிறுவலுக்கு ஆங்கிலத்தையே தெரிவுசெய்யுங்கள், தமிழைப் பிறகு போடலாம். டெஸ்க்டொப் எது என்று கேட்கும் பட்டியலில் மேட்டேயின் எண்ணைக் கொடுங்கள். இப்படிக் குரலோடு நிறுவினால் நிறுவி முடிந்த சிஸ்டத்திலும் குரல் தானாகவே இருக்கும், அதோடு டெஸ்க்டொப் மௌனமானாலும் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்திக் கறுப்புத் திரைக்குப் போனால் அங்கே ஸ்பீக்அப் என்ற இன்னொரு திரைவாசிப்பான் கதைக்கும். அங்கிருந்து திருத்திவிட்டு கண்ட்ரோல், ஆல்ட், எஃப்7இல் திரும்பி வரலாம். இந்த இரண்டாவது குரலுக்காகவே நான் டெபியனைச் சொல்கிறேன்.

டிஸ்கைப் பிரிக்கிற படிதான் ஆபத்து. கைடட், யூஸ் என்டயர் டிஸ்க் என்பதைத் தெரிவுசெய்தால் அந்த டிஸ்கில் இருக்கிற எல்லாம் போகும், விண்டோஸும் சேர்த்து. அந்த இடத்தில் அவசரப்படாமல், டிஸ்கின் பெயரையும் அளவையும் குரல் சொல்வதை இரண்டு மூன்று தடவை கேளுங்கள், நிச்சயமில்லை என்றால் மெஷினை அணைத்துவிடுங்கள், மாற்றங்களை எழுதவா என்று கேட்டு நீங்கள் ஓம் சொல்லும்வரை டிஸ்கில் ஒன்றும் மாறாது. என்னைக் கேட்டால், சின்ன எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, கடையில் விண்டோஸ் டிஸ்கைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு அந்த இடத்தில் புதியதைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அப்போது என்டயர் டிஸ்க் என்பதைத் தைரியமாகத் தெரிவுசெய்யலாம், அழிய ஒன்றுமில்லை, லினக்ஸ் ஒத்துவரவில்லை என்றால் பழைய டிஸ்கை மாட்டிவிட்டு என்விடிஏயோடு மறுநாளே வேலைக்குத் திரும்பலாம்.